பழைய கேசட் பாட்டை எந்த சிடியில் ஏற்றி வைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கம், கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடையாகத்தான் என் கடை ஆரம்பித்தது. இப்போது பாட்டுப் பதிய யாரும் வருவதில்லை. பதிந்ததைக் காப்பாற்றித் தரச் சொல்லி வருகிறார்கள். கோயில் கொடை விழாவுக்கு விடிய விடியப் பாடிய வில்லுப்பாட்டு, சபை ஆண்டு விழாக் கீர்த்தனை, திருவனந்தபுரம் வானொலியில் வந்த கச்சேரியை ரேடியோ முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்தது, மகள் கல்யாணத்து நாதஸ்வரம் என்று எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் ஒன்றாகக் கலந்து வந்து சேரும். அவர்கள் கடை வாசலில் நின்று கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். ஒரே பதிலை நாளைக்கு நாலு தடவை சொல்லி வாய் வலிக்கிறது என்பதும் ஒரு காரணம்.

பென் டிரைவ் இருக்கும்போது இன்னும் சிடி எதுக்கு அண்ணாச்சி?

பென் டிரைவ் கொண்டுபோய்க் கொடுக்க நல்லது. அடைத்து வைக்க நல்லதல்ல. உள்ளே மின்னூட்டமாகத்தான் பாட்டு இருக்கிறது. வருஷக்கணக்கில் மேசை அறையில் கிடந்தால் அந்த மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஹார்ட் டிஸ்க் கட்டாயம் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதை மட்டும் நம்பி நான் ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐப்பசி மாதம் ஒரு சாயங்காலம், இடி இடிக்கிறதே, பிளக்கைப் பிடுங்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் மின்னல் கம்பி வழியாக இறங்கிவிட்டது. கம்ப்யூட்டரும் அதோடு மாட்டியிருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்கும் ஒரே நொடியில் போயின. அசலும் நகலும் ஒரே பிளக்கில் தொங்கிக்கொண்டிருந்தன, பாருங்கள். பெட்டியில் கிடந்த சிடி, டிவிடிகளிலிருந்துதான் பெரும்பகுதியைத் திரும்ப எடுத்தேன்.

ஒரு தடவை எழுதி மூடிய சிடித் தட்டை வைரஸ் அழிக்காது, பேரன் தவறி டெலீட் செய்ய மாட்டான், மின்னலும் தேடி வராது. இப்போது என் கணக்கு இதுதான்: வேறு வேறு இடத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க், மூன்றாவதாக எழுதிய தட்டு ஒன்று. தட்டை மட்டும் வைத்துக்கொள்கிறேன் என்பவரையும் நான் தடுப்பேன்.

நாம் எழுதும் சிடிக்கும், கடையில் பாட்டோடு விற்கும் சிடிக்கும் என்ன வித்தியாசம்?

பாட்டோடு வருவது அச்சு. பிளாஸ்டிக்கிலேயே பள்ளங்களை அழுத்தி, அதன் மேல் அலுமினியம் பூசியிருப்பார்கள். நாம் எழுதும் சிடி-ஆரில் அப்படி அழுத்திய பாட்டுப் பள்ளம் கிடையாது. துணிச் சாயம் மாதிரி ஒரு சாயத்தைத் தடவியிருப்பார்கள். எழுதும்போது லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுடுகிறது. சாயத்துக்குப் பின்னால் வெள்ளியோ தங்கமோ மெல்லிய படலமாக, அதற்கு மேல் ஒரு பூச்சு, அவ்வளவுதான். சாயம் என்றால் வெயிலில் வெளுக்கும், ஈரத்தில் கெடும். பட்டுச்சேலையை வெயிலில் காயப்போடாத வீட்டில் சிடியை மட்டும் ஜன்னலோரம் வைப்பது ஏன் என்று எனக்குப் புரிவதில்லை.

வேண்டாத பழைய சிடி ஒன்றை எடுத்து, பெயர் எழுதும் பக்கத்தில் நல்ல ஒட்டு டேப்பை அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று உரித்துப் பாருங்கள். பளபளப்பு டேப்போடு வந்துவிடும். கையில் மிஞ்சுவது கண்ணாடி போன்ற வெறும் பிளாஸ்டிக். தட்டின் கனம் 1.2 மில்லிமீட்டர். அதில் பாட்டு இருப்பது மேல் பக்கத்தில், பெயர் எழுதும் இடத்துக்கு நேர் கீழே. எல்லோரும் அடிப்பக்கம் கீறல் விழாமல் பொத்திப் பொத்திப் பிடிப்பார்கள், மேல் பக்கத்தை மேசையில் தேய்ப்பார்கள். செய்ய வேண்டியது தலைகீழ். அடிப்பக்கக் கீறலைப் பாலிஷ் போட்டாவது சரிசெய்யலாம். மேல் பக்கம் உரிந்தால் பாட்டே உரிந்த மாதிரி.

டிவிடி வேறு மாதிரி. 0.6 மில்லிமீட்டர் தட்டு இரண்டை ஒட்டி, நடுவில் சாயத்தை வைத்திருப்பார்கள். மேல் கீறலுக்குப் பயமில்லை. ஒட்டிய விளிம்பு விட்டுப்போகாமல் பார்க்க வேண்டும். வளைக்காதீர்கள், கூட்டிலிருந்து நெம்பி எடுக்காதீர்கள்.

அடிப்பக்கம் சிலது நீலம், சிலது பச்சை, சிலது வெள்ளை. எது நல்லது?

நிறம் ஒரு துப்பு. தீர்ப்பு அல்ல. மூன்று வகைச் சாயம் உண்டு. முதலில் வந்தது சயனின், நீலப் பச்சையாகத் தெரியும். சிடி-ஆரை உருவாக்கிய ஜப்பானின் தையோ யூடன் பயன்படுத்தியது இதைத்தான். வெளிச்சத்துக்குக் கொஞ்சம் பயந்த சாயம், ஆனால் அந்தக் கம்பெனி செய்த நேர்த்தியால் பல தட்டுகள் இன்றும் நன்றாகப் பாடுகின்றன. இரண்டாவது தாலோசயனின், கிட்டத்தட்ட நிறமே இல்லாமல் வெள்ளி வெள்ளியாக, லேசான பச்சை ஓடும். வெளிச்சத்தைத் தாங்கும். மூன்றாவது ஆசோ, கருநீலம். மிட்சுபிஷி கெமிக்கல் கொண்டுவந்து வெர்பேட்டிம் பெயரில் விற்றது.

கனடா நாட்டின் பழம்பொருள் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அருங்காட்சியகங்களுக்காக ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது. தாலோசயனின் சாயமும் தங்கப் படலமும் சேர்ந்த சிடி-ஆருக்கு 100 வருஷத்துக்கு மேல், அதே சாயத்தோடு வெள்ளி என்றால் 50 முதல் 100, ஆசோவும் வெள்ளியும் என்றால் 20 முதல் 50. இதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்து நம்பாதீர்கள். அந்தக் கணக்கு நல்ல அறையில் வைத்த நல்ல தட்டுக்கு. ஒன்றுக்கொன்று எது உசத்தி என்று பார்க்க உதவும், அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளையாக இருக்கிறதே என்று மலிவு பண்டிலை அள்ளிக்கொண்டு வராதீர்கள். நல்ல சாயத்தையும் மோசமாகத் தடவலாம். புதுத் தட்டை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசிக் குத்து மாதிரி வெளிச்சம் ஒழுகினாலோ, ஓரத்தில் சாயம் திட்டாகத் தெரிந்தாலோ அந்தப் பண்டில் நமக்கு வேண்டாம்.

எந்தக் கம்பெனி வாங்கணும்?

அட்டையில் இருக்கும் பெயர் விற்பவர் பெயர். செய்தவர் பெயர் வேறு. நம் பக்கத்துத் தேங்காய் எண்ணெய் மாதிரி, ஆட்டியது ஓர் ஆள், லேபிள் ஒட்டியது இன்னோர் ஆள். ஒரே பெயரில் இன்று வாங்கியதும் ஆறு மாதம் கழித்து வாங்கியதும் வேறு வேறு ஆலையிலிருந்து வந்திருக்கலாம். செய்தவரைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. எழுதாத சிடியிலும் லேசருக்கு வழிகாட்டும் சுழல் பள்ளம் ஒன்று உண்டு, அதில் ஏடிஐபி என்று ஒரு குறிப்பு பதிந்திருக்கும். அதைப் படிக்கும் இலவச மென்பொருள்கள் உண்டு. செய்தவருக்கான எண் அதில் நேரக் கணக்கு மாதிரி இருக்கும், தையோ யூடன் தட்டு என்றால் 97 நிமிடம் 24 நொடி என்று ஆரம்பிக்கும் எண்ணைக் காட்டும். பெயர் ஒன்றும் எண் வேறொன்றுமாக இருந்தால் எண்ணை நம்புங்கள்.

பழைய பேர்போன ஆட்கள் பலர் இப்போது இல்லை. தையோ யூடன் 2015 முடிவோடு இந்தத் தொழிலைவிட்டு விலகியது. நொய்டாவில் ஓஹோ என்று ஓடிய மோசர் பேர் 2018-ல் கலைப்புக்குப் போனது. வெர்பேட்டிம் பெயரைத் தைவானின் சிஎம்சி மேக்னெட்டிக்ஸ் வாங்கிவிட்டது. ஆகவே பத்து வருஷத்துக்கு முந்தைய சிபாரிசு எதையும் அப்படியே எடுத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள்.

எனக்கு இந்தச் சாயம், ஆலை எல்லாம் வேண்டாம். எதை வாங்கன்னு மட்டும் சொல்லுங்க.

சரி. கேசட் பத்துக்குள் என்றால் டிவிடி. வெர்பேட்டிமில் அட்டை மேல் ஆசோ என்று போட்ட வரிசையும் உண்டு, போடாத மலிவு வரிசையும் உண்டு, போட்டதை எடுங்கள். அதற்கு மேல் என்றால் 25 ஜிபி கொள்ளும் புளூ-ரே தட்டு. அதில் எச்டிஎல் வகையாக இருக்க வேண்டும், பதிவுப் படலம் சாயமாக இல்லாமல் கனிமப் பொருளாக இருக்கும். எல்டிஎச் என்று அட்டையில் கண்டால் விட்டுவிடுங்கள், அது மறுபடியும் சாயம்தான். இரண்டு வெவ்வேறு தயாரிப்பில் ஒவ்வொரு பிரதி எழுதுங்கள். ஒரு ஆலை சொதப்பினால் இன்னொன்று நிற்கும்.

தங்க சிடி என்று விற்கிறார்களே, நகைக்கடை ரேட்டுக்கு?

அது ஏமாற்று இல்லை. வெள்ளி கறுக்கும், தங்கம் கறுக்காது, அதுதான் விஷயம். நம் வீட்டு வெள்ளி விளக்கை மாதம் ஒரு தடவை தேய்க்க வேண்டியிருக்கிறதே, அதே கறுப்புத்தான் தட்டுக்குள்ளும் நடக்கும். உள்ளே கையை விட்டுத் தேய்க்க முடியாது என்பதுதான் சங்கடம். தங்கம் கொஞ்சம் குறைவாக ஒளியைத் திருப்பும், சில பழைய பிளேயர்கள் தடுமாறும். இனி கிடைக்காத ஒரே பதிவு என்றால் தங்கம் வாங்குங்கள். மஞ்சள் நிறச் சாயம் பூசி 'கோல்ட்' என்று பெயர் மட்டும் வைத்ததும் சந்தையில் உண்டு, அட்டையில் படலம் தங்கம் என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

எம்-டிஸ்க் ஆயிரம் வருஷம் இருக்குமாமே?

ஆயிரம் என்பது விற்றவர் சொன்னது. அமெரிக்காவின் யூட்டாவில் மில்லெனியாட்டா என்ற கம்பெனி கொண்டுவந்தது, கம்பெனி பத்து வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. தட்டு நல்ல தட்டு. சாயம் இல்லை, கல் போன்ற படலத்தில் லேசர் குழி பறிக்கிறது. டிவிடி வகையை எழுத அதற்கென்று தோதான டிரைவ் வேண்டும், படிக்கச் சாதாரண டிரைவ் போதும். ஆயிரத்தை மறந்துவிட்டு, நம் பேரப்பிள்ளை காலம் வரை ஓடினால் சரி என்று வாங்கலாம்.

ஆடியோ சிடியாக எழுதணுமா, டேட்டாவாக எழுதணுமா?

டேட்டா, அதாவது கம்ப்யூட்டர் ஃபைலாக. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை, வாடிக்கையாளர் கோபித்தாலும் சரி.

ஒரே தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 80 நிமிடத் தட்டு. அதில் ஆடியோவாக எழுதினால் 800 எம்பிக்கு மேல் ஏறும். டேட்டாவாக எழுதினால் 700 எம்பிதான். மீதி நூறு எங்கே போயிற்று? சிடி ஒவ்வொரு நொடியையும் 75 துண்டாக வெட்டி வைக்கிறது, ஒவ்வொரு துண்டும் 2352 பைட். ஆடியோவில் அந்த 2352-ம் பாட்டு. டேட்டாவில் 2048 மட்டும்தான் உங்கள் சரக்கு. மீதியில் 276 பைட் காவல்காரன். கொஞ்சம் கெட்டுப்போனால் கணக்குப் போட்டுத் திருத்தித் தருவது அவன் வேலை. ஆடியோவிலும் திருத்தம் உண்டு, ஆனால் இந்தக் கடைசிக் காவல் கிடையாது. திருத்த முடியாத இடம் வந்தால் பிளேயர் முன்னும் பின்னும் பார்த்து நடுவில் ஒரு சத்தத்தை ஊகித்துப் போட்டுவிடும். காதுக்குத் தெரியாது. தெரிய ஆரம்பிக்கும்போது பாதித் தட்டு போயிருக்கும்.

2004-ல் நானே எழுதிக் கொடுத்த வில்லுப்பாட்டு ஆடியோ சிடி ஒன்று போன வருஷம் திரும்பி வந்தது. குடத்தில் தட்டும் சத்தத்துக்கு நடுவே டிக், டிக் என்று கூடுதலாக ஒரு தாளம். பாட்டுக்காரர் வீட்டுப் பிள்ளை, 'அது ஜால்ரா இல்லையா மாமா?' என்று கேட்டது. அந்தக் கேள்விக்குப் பிறகு நான் ஆடியோ சிடியைக் கேட்டு ரசிக்கும் பிரதியாக மட்டும்தான் எழுதித் தருகிறேன். காரில் போட்டுக் கீறினாலும் கவலையில்லாத பிரதி அது.

எந்த வடிவத்தில் ஏற்றுவது? எம்பி3 போதுமா?

போதாது. எம்பி3 என்பது காதுக்குத் தேவையில்லை என்று நினைத்ததை வெட்டி எறிந்த வடிவம், எறிந்தது திரும்பி வராது. வேவ் ஃபைலாகவோ, ஒன்றையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்காகவோ வையுங்கள். ஒலியை 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற நுணுக்கத்தில் அளந்து மாற்றினால் 90 நிமிடக் கேசட் ஒன்றுக்கு வேவில் சுமார் 3.1 ஜிபி. ஒரு டிவிடிக்கு ஒரு கேசட், புளூ-ரேயில் ஏழு தாராளமாக. 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் அதில் பாதி. பேச்சும் கதையுமாகப் போகும் கேசட்டுக்கு 48 போதும் என்பது என் கட்சி. உலக ஒலிக் காப்பகங்களின் சங்கமான ஐயாசா 48-ஐக் குறைந்தபட்சமாகவும் 96-ஐ விரும்பத்தக்கதாகவும் சொல்கிறது.

மெதுவாக எழுதினால்தான் நல்லதா?

ஒரு காலத்தில் அப்படி. இப்போது வரும் தட்டுகளின் சாயம் வேகமான லேசருக்காகத் தயாரானது, ரொம்ப மெதுவாகப் போனால் கருகும். அடுப்பில் தோசை மாதிரி, தீ குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். 52 வேகத் தட்டை 16-லும் 24-லும் எழுதிப் பார்க்கிறேன், 16 வேக டிவிடியை 8-ல். எழுதும்போது கம்ப்யூட்டரில் வேறு எதையும் ஓட்டுவதில்லை.

90 நிமிட சிடி, திரும்பத் திரும்ப எழுதும் சிடி, 'மியூசிக்' என்று போட்ட சிடி?

முதலாவது சிடிக்கு வகுத்த இலக்கணத்தை மீறி நெருக்கி எழுதுவது, வேண்டாம். ஆர்டபிள்யூ வகை அழித்து எழுதவே பிறந்தது, காப்புக்கு வேண்டாம். 'மியூசிக்' என்பது வீட்டில் வைக்கும் சிடி ரெக்கார்டர் கருவிகளுக்கான ஓர் அடையாளம் பதிந்த தட்டு. அதனால் பாட்டு இனிக்காது.

எழுதிய தட்டு நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்? பாடுதே, போதாதா?

போதாது. வாழைக்காயை மேலே தடவிப் பார்த்து உள்ளே கறை இருக்கிறதா என்று சொல்ல முடியுமா? நான் இரண்டு சோதனை செய்கிறேன்.

முதல் சோதனை எல்லோரும் செய்யலாம். ஏற்றும் முன் ஒவ்வொரு ஃபைலுக்கும் செக்சம் எடுத்து வையுங்கள். எம்டி5 ஆனாலும் சரி, எஸ்எச்ஏ-256 ஆனாலும் சரி, ஃபைலின் கைரேகை மாதிரி நீளமான ஓர் எண். அந்த எண்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக அதே தட்டிலும் வேறு இடத்திலும் வைக்க வேண்டும். எழுதி முடித்ததும் தட்டை வெளியே எடுத்து, முடிந்தால் வேறு டிரைவில் போட்டு, மறுபடி எண் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்தத் தட்டு குப்பைக்கு.

இரண்டாவது, தட்டு எவ்வளவு சிரமப்பட்டுப் படிக்கிறது என்று பார்ப்பது. எல்லாத் தட்டிலும் பிழை உண்டு, டிரைவ் திருத்திக்கொண்டே போகும். எத்தனை திருத்தம் என்பதைச் சில டிரைவ்கள் வெளியே சொல்லும், க்யூபிஎக்ஸ்டூல் போன்ற மென்பொருள்கள் அதை வரைபடமாகக் காட்டும். சிடியில் சி1 என்பது சாதாரணமாகத் திருத்தியது. இலக்கணப்படி நொடிக்கு சராசரி 220 வரை அனுமதி. ஆனால் புதிதாக எழுதிய தட்டே 100 காட்டினால் எனக்குத் தூக்கம் வராது. சராசரி 10-க்குள், உச்சம் 50-க்குள் இருந்தால் பெட்டிக்குள் போகும். சி2 என்ற அடுத்த படி ஒன்றுகூட வரக் கூடாது. எந்தக் கம்பெனித் தட்டு நல்லது என்ற கேள்விக்கு இந்த வரைபடம்தான் நேர்மையான பதில். ஒரு பண்டில் வாங்கியதும் முதலில் இரண்டே இரண்டு தட்டு எழுதிச் சோதியுங்கள், அப்புறம் மீதியைத் தொடுங்கள்.

அடுத்த வருஷமும் அதே தட்டை அதே டிரைவில் போட்டு வரைபடத்தை ஒப்பிட வேண்டும். எண் ஏறுகிறது என்றால் தட்டு இருமுகிறது என்று அர்த்தம். படிக்க முடிகிறபோதே புதுத் தட்டுக்கு மாற்றிவிடலாம்.

இன்னொன்று. தட்டில் இடம் மிச்சம் இருந்தால் வெறுமனே விடாதீர்கள். டிவிடிசாஸ்டர், பார்2 போன்ற மென்பொருள்கள் அந்த இடத்தில் திருத்தக் கணக்கை நிரப்பித் தரும். பின்னால் கொஞ்சம் கெட்டாலும் மீட்கலாம். 15 சதவீதம் ஒதுக்குவது என் பழக்கம்.

நம்ம ஊரு மழைக்கு எப்படிப் பாதுகாப்பது?

இதுதான் உண்மையான கேள்வி. அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனம் 2003-ல் போட்ட வழிகாட்டியில் 4 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம் என்று இருக்கிறது. படித்துவிட்டுச் சிரித்தேன். குமரி மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. என் கடைச் சுவரில் தொங்கும் மீட்டர் மழை நாளில் 85 காட்டும். பப்படம் நமத்துப்போகும் தட்டு, சிடியும் நமத்துப்போகும் தட்டு.

பூஞ்சை சிடியைத் தின்னுமா என்று ஒருவர் நக்கலாகக் கேட்டார். தின்னும். மத்திய அமெரிக்காவில் பெலீஸ் என்ற, நம்மைப் போலவே வெக்கையும் ஈரமும் உள்ள நாட்டிலிருந்து வந்த சிடி ஒன்றைப் பூஞ்சை ஓரத்திலிருந்து உள்நோக்கித் தின்றுகொண்டே போயிருந்ததை 2001-ல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் கண்டு எழுதினார்கள். இங்கே அது அன்றாடம் நடப்பதாகச் சொல்லவில்லை. ஓரத்தைப் பாருங்கள் என்கிறேன்.

நான் செய்வது: தட்டு ஒவ்வொன்றும் தனித்தனி கெட்டிக் கூட்டில், புத்தகம் மாதிரி நிமிர்த்தி. மெல்லிய பிளாஸ்டிக் உறை கோடையில் தட்டோடு ஒட்டிக்கொள்ளும், வேண்டாம். கூடுகளை இறுக மூடும் எவர்சில்வர் டப்பாவில் அடுக்கி, சிலிக்கா ஜெல் பொட்டலம் நாலு போடுவேன். நீல மணி வெளுத்து இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டது. வாணலியில் சிறு தீயில் வறுத்து ஆறவைத்துத் திரும்பப் போடலாம். டப்பா இருக்கும் இடம் வீட்டின் உள்ளறை, தரையிலிருந்து ஓர் ஆள் இடுப்பு உயரம். ஓட்டு வீட்டு மச்சு கூடாது, பகலில் அங்கே அடுப்பு மாதிரிக் காயும். பத்தாயத்துக்குள்ளும் கூடாது, நெல் ஈரம் விடும். ஃபிரிஜ்ஜும் கூடாது, வெளியே எடுத்ததும் வியர்க்கும்.

ரப்பர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் ஊர் ரப்பர் ஊர். சிடிக் கட்டை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, வெள்ளியைக் கறுக்க வைப்பது அதுதான். குலசேகரம் பக்கத்து வாடிக்கையாளர் ஒருவர் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறைக்கு அடுத்த அலமாரியில் தட்டுகளை வைத்திருந்தார். எல்லாவற்றின் மேலும் தேன் நிறத்தில் ஒரு பிசுக்கு. சோப்புத் தண்ணீரில் கழுவியதும் பாதி பாடின. மீதிக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

எப்படித் துடைப்பது?

மெல்லிய பருத்தித் துணி, நடு ஓட்டையிலிருந்து விளிம்பு நோக்கி நேராக. வட்டமாகத் துடைத்தால் கீறலும் பாட்டுத் தடத்தோடு நீளமாக ஓடும், திருத்தம் தாங்காது. குறுக்கே விழுந்த கீறலைத் தாங்கிக்கொள்ளும். பற்பசை, விபூதி இரண்டையும் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

பெயர் எழுதுவது எப்படி? ஸ்டிக்கர் அழகாக இருக்குமே?

ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். பசை உலர்ந்து சுருங்கினால் மேல் பூச்சையும் இழுத்துக்கொண்டு வரும், தட்டும் ஒருபக்கம் கனத்து ஆடும். பால்பாயின்ட் பேனா குத்தும். சிடிக்கென்று விற்கும் நீர் மை மார்க்கரால், நடு ஓட்டையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில் ஒரு எண் மட்டும் எழுதுங்கள். மீதி விவரம் கூட்டின் அட்டையில் போகட்டும்: எந்தக் கோயில் கொடை, எந்த மாதம், பாடிய புலவர், குடம் அடித்தவர், உடுக்கை, பின்பாட்டு. பாட்டை மட்டும் காப்பாற்றி, பாடியது யாரென்று தெரியாமல் போன டிஸ்க் என்னிடமே ஒரு பெட்டி இருக்கிறது.

2003-ல் எழுதிய சிடி இப்போ எடுக்க மாட்டேங்குது. போச்சா?

உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் கழுவி, நிழலில் உலர்த்தி, வேறு வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று திணறும் தட்டை இன்னொன்று சாதாரணமாகப் படிக்கும். என் மேசையில் இதற்காகவே நாலு பழைய டிரைவ் இருக்கிறது. டேட்டா தட்டு என்றால் டிடிரெஸ்க்யூ நல்ல மென்பொருள், ஒரு டிரைவ் படித்த பகுதியையும் இன்னொன்று படித்த பகுதியையும் சேர்த்து ஒன்றாக்கித் தரும். ஆடியோ சிடி என்றால் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒப்பிடும். ஒரு தட்டுக்கு ஒரு ராத்திரி ஓடினாலும் ஓடட்டும். மேல் படலம் உரிந்திருந்தால் மட்டும் என்னிடம் வராதீர்கள், அங்கே படிக்க ஒன்றுமே இல்லை.

இனி டிரைவே கிடைக்காமல் போனால்?

நியாயமான பயம். லேப்டாப்பில் டிரைவ் வைப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். எழுதும் புளூ-ரே தட்டு தயாரிப்பைப் பானாசோனிக் 2023 பிப்ரவரியிலும் சோனி 2025 பிப்ரவரியிலும் நிறுத்தின. ஆகவே யுஎஸ்பியில் மாட்டித் தட்டைப் படிக்கும் டிரைவ் இரண்டு இப்போதே வாங்கி, ஒன்றைப் பிரிக்காமல் தட்டுகளோடு அதே டப்பாவில் வையுங்கள். பெரிய டிரைவ்களில் கதவைத் தள்ளும் சின்ன ரப்பர் வளையம் காலப்போக்கில் இளகிவிடும். தட்டு வெளியே வரவில்லை என்றால் டிரைவ் செத்துவிட்டது என்று எறியாதீர்கள், முன்பக்கத்து ஊசித் துளையில் கம்பியைக் குத்தினால் கதவு திறக்கும்.

பிரதியை யார் யாருக்குக் கொடுக்கலாம்?

பாடியவர் குடும்பத்துக்கு முதலில். அவர்களிடம் கேட்டுவிட்டு மற்றவர்களுக்கு. ஒரு பிரதி ஊருக்கு வெளியே இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் மகள் இருந்தால் ஓணத்துக்குப் போகும்போது கொண்டுபோய் வைத்துவிட்டு வாருங்கள். இங்கே வெள்ளம் வந்தாலும் அங்கே இருக்கும்.

எல்லாம் ஏற்றியாச்சு. கேசட்டைத் தூக்கிப் போடலாமா?

வேண்டாம். 2006-ல் ஒரு கொடைக் கேசட்டை அப்போது கையில் இருந்த கேசட் டெக்கில் 16 பிட்டில் மாற்றினேன். நல்லாத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். 2019-ல் அதே கேசட்டை, வேறு டெக்கில், டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வை ஸ்க்ரூ டிரைவரால் அந்தக் கேசட்டுக்கு ஏற்ற மாதிரி திருகி மறுபடி ஓட்டினேன். உடுக்கைத் தோல் இறுகித் தளர்வது தனியாகக் கேட்டது. பெண்கள் குரவையிட்டது பின்னாலிருந்து வந்தது, முதல் பதிவில் அது வெறும் இரைச்சல். முதல் தடவைக்குப் பிறகு அந்தக் கேசட்டை வீசியிருந்தால் அந்த இரைச்சல்தான் மிஞ்சியிருக்கும்.

கேசட்டை ஒரு பக்கம் முழுக்க ஓடவிட்டு, ஒரே சீராகச் சுற்றி, கூட்டில் போட்டு நிமிர்த்தி வையுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வேண்டாம், அதில் காந்தம் இருக்கிறது. உள்ளட்டையில் யாரோ பேனாவால் எழுதிய பாட்டு வரிசையை ஃபோட்டோ எடுத்து அதே டிஸ்க்கில் பாட்டோடு சேர்த்துப் போடுங்கள்.